ராணி இல்லாத கோட்டைகள்

கோட்டை என்றால் பகைவனைத் தடுக்கக் கட்டுவது. சுற்றி அகழி இருக்கும், அம்பெய்ய மதிலில் துளை இருக்கும், காவல் மாடம் இருக்கும். ஜெர்மனியின் தெற்கு எல்லையில், ஆல்ப்ஸ் மலை எழும்பத் தொடங்கும் இடத்தில் நிற்கும் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. 1869 செப்டம்பர் 5-ஆம் தேதி அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். நான்கு வாரம்கூட ஆகவில்லை, போர்பந்தரில் காந்தி பிறந்தார். நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. ரயிலும் தந்தியும் தொலைதூர பீரங்கியும் வந்து, கோட்டைகளுக்கெல்லாம் வேலை போய்விட்ட காலம் அது. அப்போதுதான் பவேரியாவின் 24 வயது அரசர் இரண்டாம் லுட்விக், மலை உச்சியில் ஒரு கோட்டை வேண்டும் என்று ஆசைப்பட்டு, நாடக மேடைக்குத் திரைச்சீலை எழுதும் ஓவியர் ஒருவரை வரையச் சொன்னார். ஓவியர் பெயர் கிறிஸ்டியன் யாங்க். திரையில் எழுதினால் கோபுரம் எவ்வளவு உயரமும் போகலாம். அதைக் கல்லும் செங்கல்லுமாக நிறுத்திக் காட்டும் பொறுப்பு எடுவார்ட் ரீடல் என்ற கட்டடக் கலைஞரின் தலையில் விழுந்தது.

அந்தத் திரைச்சீலைக் கோட்டையைப் பார்க்க இன்று ஆண்டுக்குச் சுமார் 14 லட்சம் பேர் வருகிறார்கள். 1955-இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது நடுநாயகமாக நிறுத்திய 'உறங்கும் அழகி' கோட்டைக்கு முன்மாதிரி இதுதான். ஜெர்மனி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத குழந்தைக்கும் இதன் உருவம் தெரியும். 2025 ஜூலையில் லுட்விக் கட்டிய நான்கு இடங்களை, அதாவது நொய்ஷ்வான்ஸ்டைன், லிண்டர்ஹோஃப், ஷாஹென், ஹெரன்கீம்சே ஆகியவற்றை, யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஷ்டுட்கார்ட்டில் இருக்கும் தம்பியின் ஒன்பது வயது மகள் இந்தக் கோட்டையைப் படமாக மட்டும் எத்தனை தடவை வரைந்திருப்பாள் என்று கணக்கில்லை. சிவகங்கையிலிருந்து பேத்தியைப் பார்க்கப் போயிருந்த அம்மாவுக்கோ ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. இரண்டுக்கும் சேர்த்து தம்பி கண்டுபிடித்த வழி, கேம்பர்வேன். வீட்டையே ஓட்டிக்கொண்டு போய்விடலாம் அல்லவா? தம்பி, அவன் மனைவி, மகள், அம்மா, நான். பள்ளி விடுமுறை முடியப்போகிற செப்டம்பர் முதல் வாரத்தில் கிளம்பினோம்.

மூன்றரை டன் குடும்பம்

வாடகைக்குக் கிடைக்கும் கேம்பர்வேன்களில் பெரும்பாலானவை மூன்றரை டன் எடைக்கு உட்பட்டவை. சாதாரண கார் உரிமம் வைத்திருப்பவர் ஓட்டலாம் என்பதற்காக அந்த வரம்பு. ஆனால் எங்களைப் போல ஐந்து பேர் படுக்கிற வண்டி, காலியாக இருக்கும்போதே மூன்று டன்னை நெருங்கிவிடுகிறது. மிச்சம் இருப்பதில் ஐந்து உடம்பு, துணிமணி, கேஸ் சிலிண்டர், மேஜை நாற்காலி, நூறு லிட்டர் தண்ணீர் எல்லாம் அடங்க வேண்டும். நூறு லிட்டர் தண்ணீர் என்பது நூறு கிலோ என்பதை வேன் பயணத்தில்தான் ஒருவர் உணர்வார். போலீஸ் நிறுத்தி எடை போட்டால் அபராதம் உண்டு. தம்பி குளியலறை எடைக்கருவியை வாசலில் வைத்து ஒவ்வொரு பையாக நிறுத்தான். அம்மாவின் பொன்னி அரிசி மூட்டை வந்தபோது பேச்சுவார்த்தை நீண்டது.

"பத்துக் கிலோ எதுக்கும்மா? அங்கேயும் கடை இருக்கு."

"கடை இருக்குப்பா, அரிசி இருக்கா? ஒன் நாற்காலிய எறக்கி வையி, நான் தரையில ஒக்காந்துக்கறேன்."

அரிசி ஏறியது. இரண்டு நாற்காலி இறங்கியது.

வேன் பயணம் என்றதும் ஓடுகிற வண்டியில் கட்டிலில் சாய்ந்தபடி மலை பார்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது நடக்காது. வண்டி நகரும்போது எல்லோரும் பெல்ட் போட்டு இருக்கையில்தான் உட்கார வேண்டும். படுக்கக் கூடாது, எழுந்து காபி போடக் கூடாது. முதல் வளைவிலேயே அலமாரிக்குள் டம்ளர்கள் கச்சேரி வைத்தன. அடுத்த நிறுத்தத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நடுவில் துண்டு சொருகினோம். அதன்பின் பிரேக் போடும்போது ஒலித்தது ஒரே ஒரு கரண்டி. அது எங்கே இருந்தது என்று கடைசி வரை தெரியவில்லை.

போகிற வழியில் ஆல்கோய் வட்டாரத்தில் இஸ்னி என்றொரு சிற்றூர். அங்கே டெத்லெஃப்ஸ் குடும்பத்துக்குச் சாட்டையும் பனிச்சறுக்குக் கோலும் செய்து விற்கும் தொழில். மகன் அரிஸ்ட் டெத்லெஃப்ஸ் வியாபாரத்துக்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பார். அவர் மணக்க இருந்த ஃப்ரிடல் ஓவியர். கூடவே வர வேண்டும், போகும் இடத்தில் வரையவும் வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்காக 1931-இல் அரிஸ்ட், காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற ஒரு குட்டி வீட்டைச் செய்தார். ஜெர்மனியின் முதல் கேரவன் அதுதான். அந்தத் தொழிற்சாலை இன்றும் அதே ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது. லுட்விக்கின் நொய்ஷ்வான்ஸ்டைனுக்கும் இந்த ஊருக்கும் வேனில் ஒரு மணி நேரம்தான் தூரம். ஒரே மலையடிவாரத்தில், யாரும் வரக் கூடாது என்று ஒருவர் கட்டியிருக்கிறார்; கூட ஒருத்தி வர வேண்டும் என்று இன்னொருவர் கட்டியிருக்கிறார். உலகம் முதலாமவரைப் பார்க்கத்தான் வரிசையில் நிற்கிறது.

ஏ7 நெடுஞ்சாலை, டென்மார்க் எல்லையில் தொடங்கி நாட்டின் நீளம் முழுக்க ஓடி, ஃபூசன் ஊரருகே ஆஸ்திரிய எல்லையில் முடிகிறது. அதன் கடைசிப் பகுதியில் சமவெளி சட்டென்று தீர்ந்து, எதிரே மலை சுவராக நிற்கும். அந்தச் சுவரின் அடியில் வெள்ளையாக ஒரு புள்ளி. முதலில் பார்த்தது என் மருமகள்தான். "அத்தை! இவ்வளவு சின்னதா?" என்றாள். படத்தில் கோட்டை மட்டும் இருக்கும். இங்கே பின்னால் மலையும் இருக்கிறது. அதன் முன்னால் எதுவும் சின்னதுதான்.

ஷ்வாங்காவ் அருகே ஏரிக்கரை முகாம் ஒன்றில் இடம் பதிவு செய்திருந்தோம். ஜெர்மன் முகாம்களில் மதிய ஓய்வு என்று ஒரு வழக்கம். பல இடங்களில் ஒரு மணி முதல் மூன்று மணி வரை வாசல் தடுப்பை இறக்கிவிடுவார்கள், வண்டி உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒன்றே காலுக்கு. வெளியே நிழலில் நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வைத்து, அம்மா ரசம் வைத்தார். பெருங்காய வாசனை கம்பிவேலி தாண்டிப் போனது. உள்ளே நாற்காலியில் கண் மூடியிருந்த டச்சுப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, என்ன சமையல் என்று கேட்டு, ஒரு கிண்ணம் வாங்கிப் போனார். மனிதர்கள் நினைத்தால் சட்டத்துக்கு உள்ளேயும் ஒரு வாசல் உண்டு.

ஜெர்மன் சாலை விதிப்படி, ஓட்டுநர் களைப்பாறுவதற்காக அனுமதியுள்ள நிறுத்துமிடத்தில் ஓர் இரவு வேனில் தூங்கலாம். ஆனால் நாற்காலி போடக் கூடாது, பந்தல் விரிக்கக் கூடாது. விரித்தால் அது முகாம் ஆகிவிடும். கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் பல நிறுத்துமிடங்களில் அதுவும் கிடையாது. முகாமுக்குப் போவதே நிம்மதி. தண்ணீர் பிடிக்கலாம், மின்சாரம் எடுக்கலாம், காலையில் வேண்டிய ரொட்டியை முந்தின மாலையே சொல்லி வைக்கலாம். கழிவறைப் பெட்டியையும் கொட்டலாம். வேனின் கழிவறைக்கு அடியில் சூட்கேஸ் மாதிரி சக்கரம் வைத்த ஒரு பெட்டி உண்டு. நிறைந்ததும் அதை உருவி, இழுத்துக்கொண்டு போய், அதற்கென்று இருக்கும் தொட்டியில் கவிழ்த்துக் கழுவ வேண்டும். எந்தச் சுற்றுலாப் படத்திலும் இந்தப் பெட்டி வராது. எங்கள் வண்டியில் அது யார் முறை என்பதுதான் தினசரி அரசியல்.

அரியணை வராத மண்டபம்

நொய்ஷ்வான்ஸ்டைனுக்கு நுழைவுச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிட வேண்டும். சீட்டில் நேரம் குறித்திருக்கும். அந்த நிமிடம் தவறினால் சீட்டு செல்லாது. கீழே ஊரிலிருந்து கோட்டை வாசலுக்கு முப்பது நாற்பது நிமிட ஏற்றம். குதிரை வண்டி உண்டு, பேருந்தும் உண்டு. அம்மாவும் நானும் குதிரை வண்டியில் ஏறினோம். அதுவும் வாசல் வரை போகாது. கடைசி ஏற்றத்தை நடந்துதான் கடக்க வேண்டும்.

நேரம் இருப்பவர்கள் முதலில் மரியன் பாலத்துக்குப் போய்விட வேண்டும் என்பது என் கட்சி. ப்யோலாட் ஓடை விழும் பள்ளத்தாக்குக்கு 90 மீட்டர் மேலே ஒரு மெல்லிய இரும்புப் பாலம். லுட்விக்கின் தாய் மரி, மலையேற்றத்தில் மோகம் கொண்டவர். அவர் பெயரைத்தான் பாலத்துக்கு வைத்தார்கள். முதலில் மரத்தில் இருந்ததை 1866-இல் லுட்விக் இரும்பாக மாற்றினார். அங்கே நின்று பார்க்கும்போதுதான் திரைச்சீலை ஓவியர் என்ன செய்திருக்கிறார் என்பது புரியும். கோபுரங்கள் ஒன்றுக்கும் உதவாத இடங்களில் நிற்கின்றன. ஆனால் ஒன்றை எடுத்தால் படம் சரிந்துவிடும். கோட்டையின் மிகச் சிறந்த அறை எது என்று கேட்டால், கோட்டைக்கு வெளியே இருக்கும் இந்தப் பாலம் என்பேன்.

உள்ளே வழிகாட்டியோடு முப்பத்தைந்து நிமிடம். படம் எடுக்க அனுமதி இல்லை. இருநூறுக்கும் மேல் அறைகள் திட்டமிட்டு, முடித்தது பதினைந்து போலத்தான். அரியணை மண்டபம் பைசாந்தியத் தேவாலயம்போல இரண்டு தளம் உயர்ந்து நிற்கிறது. தரையில் இருபது லட்சத்துக்கும் அதிகமான கல்துண்டுகள் பதித்த சித்திரம். மேலே 900 கிலோ எடைச் சரவிளக்கு. அரியணை இருக்க வேண்டிய மாடத்தில் பளிங்குப் படிகள் மட்டும். செய்யச் சொன்ன அரியணை வருவதற்குள் அரசர் இறந்துவிட்டார். மாப்பிள்ளை வராத மணவறை போலக் கிடக்கிறது அந்த மேடை. படுக்கையறையில் கட்டிலுக்கு மேல் மரத்திலேயே ஒரு கோபுரக் காடு. 14 மரச்சிற்பிகள் நாலரை ஆண்டு செதுக்கியது. வரவேற்பறையிலிருந்து படிப்பறைக்குப் போகும் வழியில் திடீரென்று ஒரு குகை வருகிறது. சுண்ணாம்புக் குகைபோலச் சாந்தில் செய்தது. மூன்றாம் மாடியில் குகை! மருமகளுக்குக் கோட்டையில் பிடித்தது இது ஒன்றுதான்.

"அத்தை, ராணி ரூம் எங்கே?"

ராணி இல்லை. 1867-இல் லுட்விக்குக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. பெண், ஆஸ்திரியப் பேரரசி சிஸியின் தங்கை சோஃபி. திருமண நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, அந்த ஆண்டே முறித்துக்கொண்டார். பிறகு திருமணமே செய்யவில்லை. கோட்டையில் பெண்களுக்கென்று வரைபடத்தில் இருந்த பகுதியும், அவர் இறந்தபின், 1892-இல்தான் எளிமையாக முடிந்தது. அங்கே யாரும் குடியிருந்ததில்லை. சுவர்களெங்கும் இருப்பவர்கள் லோஹென்கிரின், டான்ஹாய்சர், பார்சிஃபால் என்று ரிச்சர்ட் வாக்னரின் இசை நாடகங்களில் வருகிற, இடைக்காலக் காவியங்களின் நாயகர்கள். பதினைந்து வயதில் 'லோஹென்கிரின்' பார்த்ததிலிருந்து லுட்விக் அந்த உலகத்தில்தான் இருந்தார். 1864-இல் பட்டத்துக்கு வந்ததும் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, கடன்காரர்களுக்கு ஒளிந்து திரிந்த வாக்னரைத் தேடிப்பிடித்து மியூனிக்குக்கு வரவழைத்தது. ஆனால் வாக்னர் இந்தக் கோட்டைக்குள் கால் வைத்ததே இல்லை. 1883-இல் அவர் இறந்தபோது வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. நான்காம் மாடியில் பாடகர் மண்டபம் என்று ஒரு பெரிய கூடம். லுட்விக் உயிரோடிருந்தவரை அங்கே ஒரு கச்சேரியும் நடக்கவில்லை.

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது சுவருக்குப் பின்னால் இருப்பது. இடைக்காலக் கோட்டை என்று நாம் வாய் பிளக்கிற இந்தக் கட்டடம் செங்கல்லில் எழுப்பி, வெளியே வெள்ளைச் சுண்ணாம்புக்கல் போர்த்தியது. மேலே கல் தூக்க நீராவி இயந்திரம் பூட்டிய பாரந்தூக்கி. அரியணை மண்டபத்துக்குள் மறைந்திருப்பது இரும்புச் சட்டம். வெப்பக்காற்றால் அறைகளைச் சூடாக்கும் ஏற்பாடு, பணியாளரைக் கூப்பிட மின்மணி, தானாகவே நீர் பாய்ச்சும் கழிப்பறை, மேல்மாடிகளில் தொலைபேசி. கோட்டைக்கு 200 மீட்டர் மேலே இருக்கும் ஊற்றிலிருந்து குழாய் இறக்கினார்கள். மோட்டாரே இல்லாமல் எல்லாத் தளத்திலும் தண்ணீர் விழுந்தது. மூன்று பேர் பல் துலக்கினால் வேன் தொட்டி எவ்வளவு இறங்கும் என்று சுவரிலிருக்கும் அளவுமானியைப் பார்த்துப் பார்த்து வாழ்ந்துகொண்டிருந்த எங்களுக்கு, 1880-களின் அந்தக் குழாய் பெரும் பொறாமையைக் கிளப்பியது.

வெளியேறும் வழி சமையற்கட்டு வழியாகப் போகிறது. அது அப்படியே இருக்கிறது: பெரிய அடுப்பு, செம்புப் பாத்திரங்கள், வெந்நீர் தண்ணீர் இரண்டும் வரும் குழாய், மீன் உயிரோடு வைக்கத் தொட்டி. இறைச்சி கோத்த கம்பியை அடுப்பின் புகைபோக்கியில் ஏறும் வெப்பக்காற்றே சுழற்றும். தீ அதிகமானால் சுழற்சியும் வேகமாகும். மாடிகளில் எதையும் பேசாமல் வந்த அம்மா இங்கே நின்றுவிட்டார். வழிகாட்டி அடுத்த கூட்டத்துக்காகக் கையைக் காட்டியும் நகரவில்லை.

"எம்புட்டு நேர்த்தியா வச்சிருக்கான். சரி, எத்தன பேரு சாப்பிட்டாக?"

"ராஜா ஒருத்தர்தான் அப்பத்தா."

"ஒத்தையாளுக்கா இம்புட்டு அடுப்பு?"

எத்தனை அறிஞர்கள் லுட்விக்கைப் பற்றி எழுதியிருந்தாலும், கேட்க வேண்டிய கேள்வியை அம்மா கேட்டுவிட்டார் என்றே நினைக்கிறேன்.

குடையோடு ஒரு சீமாட்டி

கீழே எதிர்ப்பக்கம் மஞ்சள் நிறத்தில் நிற்பது ஹோஹென்ஷ்வாங்காவ். லுட்விக்கின் தந்தை மாக்ஸிமிலியன், 1830-களில் ஓர் இடிபாட்டை எடுத்துப் புதுப்பித்த மாளிகை. சிறுவயது முழுக்க லுட்விக் அங்கேதான். பெரியவரானதும் அதன் ஜன்னலில் தொலைநோக்கி வைத்து எதிர் மலையில் தன் கோட்டை வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடும்பம் வாழ்ந்த வீட்டின் வாசம் இந்த மஞ்சள் மாளிகையில் உண்டு. கூட்டம் குறைவு. ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

வெள்ளைக் கோட்டையில் லுட்விக் தங்கிய நாட்களைக் கூட்டினால் 172 என்கிறார்கள். அரசாங்கப் பணத்தை வாரி இறைத்தார் என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. தன் மானியத்திலும், குடும்பச் சொத்திலும், கடனிலும்தான் கட்டினார். 1870-இல் பிரஷ்ய மன்னர் வில்ஹெல்மை ஜெர்மன் பேரரசராக ஏற்கும் கடிதத்தில் கையெழுத்திட்டதற்காக, அவருடைய முதலமைச்சர் பிஸ்மார்க் ரகசியமாகத் தந்த பணமும் அதில் சேர்ந்தது. கோட்டைத் தொழிலாளர்களுக்காக அதே ஆண்டு ஓர் உதவிச் சங்கம் தொடங்கினார்கள். சிறு சந்தா, அரசர் பக்கமிருந்தும் பணம் வரும். நோய் வந்தால் படி, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு ஓய்வூதியம். இதை யாரும் பேசுவதில்லை. கடைசியில் கடன் ஒரு கோடியே 40 லட்சம் மார்க்கைத் தொட்டது. அப்போதும் கட்டுவதை நிறுத்த மாட்டேன், கடன் கிடைக்காவிட்டால் அமைச்சர்களை மாற்றுவேன் என்றார். அமைச்சர்கள் முந்திக்கொண்டார்கள்.

மனநல மருத்துவர் பெர்ன்ஹார்ட் ஃபான் குடனும் வேறு மூவரும் சேர்ந்து அரசருக்குச் சித்தம் சரியில்லை என்று அறிக்கை தந்தார்கள். நோயாளியைப் பரிசோதிக்கவில்லை, சாட்சிகளின் வாக்குமூலம் போதுமென்று முடிவு கட்டினார்கள். 1886 ஜூன் 10 அதிகாலை, அரசரை அழைத்துப்போக ஒரு குழு நொய்ஷ்வான்ஸ்டைன் வாசலுக்கு வந்தது. லுட்விக்கின் மேல் பற்று வைத்த ஒரு சீமாட்டி குடையை ஓங்கிக்கொண்டு அந்தக் கனவான்கள் மேல் பாய்ந்தார். காவலர்கள் குழுவையே பிடித்து அடைத்தார்கள். இந்தக் கோட்டை கண்ட ஒரே போர் அதுதான். இரண்டு நாளில் இரண்டாவது குழு வந்து அவரை மியூனிக் பக்கம் ஏரிக்கரை மாளிகை ஒன்றுக்குக் கொண்டுபோனது. ஜூன் 13 மாலை மருத்துவர் குடனுடன் நடக்கப் போனவர் திரும்பவில்லை. இரவில் இருவர் உடலும் ஏரியில் கிடைத்தன. தற்கொலையா, தப்பிக்கும் முயற்சியா, கொலையா என்று பவேரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

ஏழு வாரம்தான். ஆகஸ்ட் 1-ஆம் தேதி கோட்டையை மக்களுக்குத் திறந்து கட்டணம் வசூலிக்கத் தொடங்கிவிட்டார்கள். அன்னியர் கண் படக் கூடாது என்று கட்டிய இடம்! நொய்ஷ்வான்ஸ்டைன் என்ற பெயர்கூட அவர் இறந்தபிறகு வந்ததுதான். இரண்டாம் உலகப் போரில், பிரான்ஸில் யூதக் குடும்பங்களிடமிருந்து நாஜிகள் கொள்ளையடித்த ஓவியங்களைப் பதுக்கும் கிடங்காக இது இருந்தது. 1945-இல் அமெரிக்கப் படையின் கலைப்பொருள் மீட்பு அதிகாரிகள் வந்து எடுத்தார்கள். டிஸ்னி அந்தப் பகுதியைக் கதையில் சேர்க்கவில்லை.

தரைக்குள் போகும் சாப்பாட்டு மேஜை

ஃபூசனிலிருந்து லிண்டர்ஹோஃப் போக, ஜெர்மனிக்குள்ளேயே ஒரு பாதை உண்டு. ஆனால் வேன் வைத்திருப்பவர்கள் ஆஸ்திரியா வழியாகப் போக வேண்டும் என்பேன். ராய்ட்ட ஊர் தாண்டி மலைக்குள் நுழைந்தால் ப்ளான் ஏரி. பச்சையும் நீலமும் முடிவெடுக்க முடியாமல் கிடக்கும் தண்ணீர். கரையை ஒட்டியே சாலை. மேய்ச்சல் நிலத்தில் மணி கட்டிய மாடுகள். செப்டம்பர் நடுவில் அவற்றுக்குப் பூ அலங்காரம் செய்து ஊர்வலமாகக் கீழே இறக்கிக்கொண்டு வருவார்கள். நாங்கள் போனபோது இன்னும் மேலேதான் இருந்தன. ஒரு மாடு நடுச்சாலையில் நின்று வேனை ஆராய்ந்தது. "ஹாரன் அடிக்காதப்பா, அது பாட்டுக்கு போகட்டும்" என்று அம்மா பின்னாலிருந்து உத்தரவிட்டார். மாடு போகும்வரை நின்றோம். பின்னால் ஒரு வரிசையே நின்றது. கணவாயில் எல்லையைத் தாண்டி, காடு வழியே இறங்கினால் மறுபடி பவேரியா.

லிண்டர்ஹோஃப், லுட்விக் தன் வாழ்நாளில் கட்டி முடித்த ஒரே மாளிகை. 1878-இல் முடிந்தது. சின்னது, பொன் பூசியது, பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் மேல் பைத்தியமாகி எழுப்பியது. இங்கே உணவறை மேஜை தரைக்குள் இறங்கும். கீழே சமையலறையில் பரிமாறி, இயந்திரத்தால் மேலே ஏற்றுவார்கள். பணியாள் முகம் பார்க்க வேண்டியதில்லை. அரசரின் சமையலறையில் வேலை பார்த்த தியோடர் ஹியர்னைஸ் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்பில், ஒருவர் சாப்பாட்டை மூன்று நான்கு பேருக்கு வரும்படி செய்ய வேண்டியிருந்தது என்கிறார். எப்போதோ இறந்துபோன பிரெஞ்சு அரச குடும்பத்தாரோடு லுட்விக் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுவாராம். பகலில் தூக்கம், இரவில் விழிப்பு. பனிக்கால நள்ளிரவுகளில் பொன் பூசிய சறுக்குவண்டியில் விளக்கெரியக் காட்டு வழியே போவார். அமைச்சர்களைப் பார்க்க மறுத்த அந்த மனிதர், வழியில் கண்ட குடியானவர்களோடு நின்று பேசுவார் என்பதும் பதிவாகியிருக்கிறது.

தோட்டத்தின் மேல்மூலையில் வீனஸ் குகை. பத்தாண்டு பழுதுபார்ப்புக்குப் பின் 2025-இல்தான் மறுபடி திறந்தார்கள். இரும்புச் சட்டத்தின்மேல் துணி கட்டி, சாந்து பூசி உண்டாக்கிய பாறை. உள்ளே ஒரு குளம், சிப்பி வடிவப் படகு, செயற்கை அலை எழுப்ப ஓர் இயந்திரம். இத்தாலியின் காப்ரி தீவுக் குகையின் நீலம் அப்படியே வர வேண்டும் என்று லுட்விக் ஆள் அனுப்பிச் சரிபார்த்தார். அந்த நீலத்துக்காக நியூரம்பெர்க்கின் சிக்மண்ட் ஷுக்கர்ட் 24 டைனமோக்களைச் செய்து கொடுத்தார். நீராவி இயந்திரம் அவற்றை ஓட்ட, வில்விளக்குகளுக்கு முன்னால் வண்ணக் கண்ணாடிகள் சுழன்றன. பவேரியாவில் நிலையாக அமைந்த முதல் மின்நிலையங்களில் ஒன்று, ஓர் அரசர் தனியாகப் படகில் உட்கார்ந்து நிறம் மாறுவதைப் பார்ப்பதற்காக ஓடியது. தம்பி மின்பொறியாளன், கோட்டைகளில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவன் குகையை விட்டு வர மறுத்தான். "அக்கா, இந்த ஆளுக்குப் பைத்தியம்னு சொன்னவன் ஒரு இன்ஜினியரா இருந்திருக்க மாட்டான்" என்றான்.

அன்று இரவு வேனில் ஐந்து பேர் ஒரு மேஜையில். என் முழங்கை நகர்ந்தால்தான் அம்மாவின் கை தட்டுக்குப் போகும். மேஜையை மடித்தால்தான் படுக்கை விரியும்; படுக்கை விரிந்தால் கழிவறைக் கதவு திறக்காது. தம்பி மனைவி எல்லோரையும் ஒழுங்குபடுத்தி, யார் எப்போது எழ வேண்டும் என்று முறைவைத்தாள். லுட்விக் இதைப் பார்த்திருந்தால் கோட்டையைச் சுற்றி நிஜமாகவே அகழி வெட்டியிருப்பார்.

நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை பவேரிய அரசுக்குச் சொந்தம். கூட்டம் ஷ்வாங்காவ் ஊருக்குச் சொந்தம். மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊரில் கோடைக் காலையில் வண்டி வரிசை சாலையை அடைத்துவிடுகிறது. யுனெஸ்கோ பட்டியலுக்குப் போகலாமா என்று 2023-இல் ஊரில் வாக்கெடுப்பே நடந்தது. கட்டடம் கட்ட இன்னும் கட்டுப்பாடு வரும், கூட்டம் இன்னும் கூடும் என்று எதிர்த்தவர்கள் குறைவில்லை. ஆதரவு பாதியைக் கொஞ்சம் தாண்டியது. கிறுக்கு அரசரின் செலவு இன்று லாபமாகிவிட்டது என்று சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் எழுதுகின்றன. லாபம் யாருக்கு என்பதைக் காலை ஒன்பது மணிக்கு அந்தச் சாலையில் பால் வண்டி ஓட்டுகிறவரிடம் கேட்டால் வேறு பதில் வரக்கூடும். ஜூலை, ஆகஸ்டைத் தவிருங்கள். போவதென்றால் முதல் சீட்டு நேரத்தை எடுங்கள். வேனை முகாமிலேயே விட்டுவிட்டுப் பேருந்திலோ சைக்கிளிலோ போங்கள். உங்களுக்கும் நல்லது, அந்தப் பால் வண்டிக்கும் நல்லது.

கடைசியாக ஃபல்கென்ஷ்டைன் போனோம். ஃபூசனுக்கு மேற்கே, ப்ஃப்ரோன்டன் ஊருக்கு மேலே 1,268 மீட்டர் உயரத்தில் ஓர் இடிபாடு. ஜெர்மனியிலேயே உயரத்தில் இருக்கும் கோட்டை இடிபாடு அதுதான். நொய்ஷ்வான்ஸ்டைன் முடியுமுன்னே, கழுத்தளவு கடனில், லுட்விக் இதை வாங்கி, அதைவிடக் கூர்மையான ஒரு கோட்டைக்கு யாங்கிடம் படம் எழுதி வாங்கிவிட்டார். சாலை போட்டார்கள், தண்ணீர்க் குழாய் ஏற்றினார்கள். அதோடு நின்றது. வேன் ஏறக்கூடிய பாதை இல்லை, நடந்தோம். அம்மா பாதி வழியில் ஒரு பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். மேலே நான்கு சுவர். ஜன்னல் இருந்த ஓட்டைகளில் வானம். மருமகள் நோட்டை எடுத்து, இல்லாத கோட்டையை வரைந்தாள். இந்தத் தடவை கீழே ஒரு சமையலறையும், அதிலிருந்து குழாய்களும், ஓரத்தில் ஒரு வேனும் இருந்தன.

மறுநாள் காலை பத்து மணிக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தொட்டிகள் காலியாக, தரை துடைத்து, கழிவறைப் பெட்டி கழுவி. அரிசியில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. தம்பி அதைத் தூக்கிக் காட்டினான், அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெட்டி யார் முறை என்று கேட்டதும் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. ஒரு பெரிய பட்டியலே போட்டுப் பார்த்ததில், நான் ஒரு தடவைகூடச் செய்யவில்லை என்று மருமகள் கண்டுபிடித்தாள்.